வேலை போனபின் நிறுவனம் தந்த 90 நாள் உதவிச் சேவை: பயன்படுத்தியவளின் மதிப்பீடு

2024 ஜனவரியில் என் வேலை போனபோது கொடுக்கப்பட்ட பிரிவுக் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், இரண்டு மாதச் சம்பளம், விடுப்புப் பணம் ஆகியவற்றுக்குக் கீழே, '90 நாள் அவுட்பிளேஸ்மென்ட் உதவி' என்று ஒரு வரி இருந்தது. வேலையிழந்தவருக்கு அடுத்த வேலை தேடுவதில் துணை நிற்கும் ஒரு தனியார் நிறுவனத்தை, வேலையை விட்டு அனுப்பும் நிறுவனமே பணம் கட்டி அமர்த்தித் தரும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். அந்த 90 நாளையும் முழுவதுமாகப் பயன்படுத்திப் பார்த்தவள் என்ற முறையில், பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன். இதே சேவையை இங்கே பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் விற்பதால், நான் பெற்ற சேவையின் பெயரையோ என் பழைய நிறுவனத்தின் பெயரையோ குறிப்பிடவில்லை.

2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும், அமேசான் 18,000 பேருக்கு மேலும் நீக்குவதாக அறிவித்தபோது, அவுட்டர் ரிங் ரோட்டில் எங்கள் அலுவலக உணவுக்கூடத்தில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் நமக்கும் வரும் என்று எண்ணியவர் குறைவு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனமே தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்குச் சற்று மேல், குறைக்கப்போவதாகச் சொன்ன பிறகு நமக்கு வராது என்ற நம்பிக்கையும் போய்விட்டது. அரசு வேலைக்கு அடுத்தபடி அங்கே கிடைக்கும் வேலைதான் உறுதியானது என்று பெண் கொடுக்கும் வீடுகளில் பேசிய தலைமுறை நம்முடையது.

நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் குழுத் தலைவியாக இருந்தேன். ஒரே நிறுவனத்தில் 9 ஆண்டு 7 மாதம். வீடு முருகேஷ்பாளையாவில், கணவர் சிவாஜிநகரில் சிறிய அச்சகம் நடத்துகிறார், மகள் அப்போது ஆறாம் வகுப்பு, ஆம்பூரிலிருந்து அம்மா ஆண்டில் பாதி நாள் எங்களோடு இருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினைந்து நிமிடக் காணொளி அழைப்பில் செய்தி சொல்லப்பட்டது. மாலைக்குள் மடிக்கணினியின் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

சேவைக்குள் வருகிறேன். மொத்தம் மூன்று பொருள்கள் அதில் அடக்கம்: ரெஸ்யூமேயை மதிப்பிடும் மென்பொருளோடு கூடிய ஓர் இணைய வாயில், வாரம் இரண்டு பொது வகுப்புகள், தனிப்பட்ட ஆலோசகருடன் ஆறு மணி நேரம். முதல் இரண்டையும் விரைவாகச் சொல்லி முடித்துவிடலாம். வகுப்புகள் எல்லாத் துறையினருக்கும் பொதுவானவை. லிங்க்ட்இன் பக்கத்தில் நல்ல புகைப்படம் வைக்க வேண்டும் என்பதற்கு நாற்பது நிமிடம் செலவழித்தார்கள். நான்கு வகுப்புக்குப் பின் போகவில்லை.

மதிப்பிடும் மென்பொருள் பயனற்றது என்பதோடு, என் கணிப்பில், தீங்கும் செய்யக்கூடியது. என் பழைய ரெஸ்யூமேக்கு நூற்றுக்கு 54 போட்டது. வேலை விளம்பரங்களில் வரும் சொற்களை ஆங்காங்கே சேர்க்கச் சேர்க்க மதிப்பெண் ஏறி 91 ஆயிற்று. அந்த 91 மதிப்பெண் ரெஸ்யூமேயை நௌக்ரி வேலைவாய்ப்புத் தளம் வழியாக நாற்பது இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டே அழைப்பு வந்தது, இரண்டும் முதல் சுற்றோடு நின்றன. படித்துப் பார்த்த மனிதர் எவருக்கும் அதில் ஓர் ஆள் தெரியவில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. வேலை போன முதல் மாதத்தில் மனம் எதையாவது அளந்து நிம்மதி தேடுகிறது. அந்த நேரத்தில் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணைக் காட்டுவது, உண்மையான வேலையைத் தள்ளிப்போட வைத்துவிடும்.

ஆலோசகரின் ஆறு மணி நேரம்தான் இந்தச் சேவையின் உயிர். எனக்குக் கிடைத்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் 'மேடம்' என்று பேசியவர், என் ஊரைக் கேட்டபின் தமிழுக்கு மாறினார். அவர் பிறந்தது கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கத்தை மூடியபோது அவருடைய அப்பா அங்கே தொழிலாளி. அதன்பின் அந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து கிடைத்த வேலையைச் செய்துவிட்டு இரவில் திரும்பினார்கள். இன்றும் அந்த ரயில்களில் கூட்டம் குறையவில்லை. "எங்கப்பா கடைசி வரைக்கும், சுரங்கம் மூடினதுக்குத் தான்தான் காரணம் மாதிரி தலைகுனிஞ்சே நடந்தார். நீங்க அப்படி நடக்காதீங்கம்மா" என்றார். சுரங்கத் தொழிலாளியையும் குளிர்ப்பதன அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த என்னையும் ஒரே வரிசையில் வைத்து அவர் பேசியது எனக்கு முதலில் பொருத்தமாகப் படவில்லை. இரவு வீட்டில் அதை நினைத்துப் பார்த்தபோது, பொருந்தாதது எதுவும் அதில் இல்லை என்று தோன்றியது.

ரெஸ்யூமேக்கு அவர் செய்தது இது. நான்கு பக்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, "நீங்க இல்லாம இருந்திருந்தா அந்த ஒன்பது வருஷத்தில எது உடைஞ்சிருக்கும்?" என்று கேட்டார். என் ரெஸ்யூமேயில் செலினியம், ஜிரா, போஸ்ட்மேன் என்று கருவிகளின் பெயர்கள் இருந்தன. சோதனைக்குப் பொறுப்பு, குழுவுக்குப் பொறுப்பு என்று பொறுப்புகள் இருந்தன. நான் எதைத் தடுத்தேன் என்பது ஓரிடத்திலும் இல்லை. சோதனையாளரின் வேலை வெற்றி பெற்றால் எதுவுமே நடக்காது, அதனால் எழுத எதுவும் இல்லை என்றே நான் எண்ணியிருந்தேன். அவர் விடாமல் கேட்கக் கேட்க, பணம் திருப்பித் தரும் பகுதியில் இணைப்பு துண்டித்து மீண்டும் வந்தால் ஒரே வாடிக்கையாளருக்கு இருமுறை பணம் போகும் பிழையை வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு கண்டுபிடித்தது நினைவுக்கு வந்தது. இரவு முழுவதும் ஓடும் சோதனைத் தொகுப்பை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கியது நினைவுக்கு வந்தது. இப்படி ஏழு நிகழ்வுகளை எழுதி, ஒன்றரைப் பக்கத்தில் முடித்தோம். மென்பொருள் அதற்கு 68 மதிப்பெண்தான் போட்டது. அதை அனுப்பிய பதினெட்டு இடங்களில் ஐந்திலிருந்து அழைத்தார்கள்.

மாதிரி நேர்காணல் இன்னும் ஆழமான உதவி. "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்ற கேள்விக்கு நான் சொன்ன விடையை ஒலிப்பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார். இரண்டு நிமிடம் நாற்பது நொடி பேசியிருந்தேன். நிறுவனத்தின் நிதிநிலை, எங்கள் பிரிவு மூடப்பட்டது, என் செயல்திறன் மதிப்பீடு நன்றாகவே இருந்தது என்று அடுக்கிக்கொண்டே போன அந்தக் குரல், தவறு செய்துவிட்டு வாத்தியாரிடம் நிற்கும் பிள்ளையின் குரல். அதை இரண்டு வாக்கியமாகக் குறைத்தார்: எங்கள் பிரிவை மூடி, அதில் இருந்த அனைவரையும் அனுப்பினார்கள். என்னால் உடனே சேர முடியும். இரண்டாவது வாக்கியத்தின் மதிப்பை நான் அதுவரை உணரவில்லை. மூன்று மாத நோட்டீஸ் பீரியட் வழக்கமாகிவிட்ட இந்த ஊரில், திங்கட்கிழமை வரச் சொன்னால் வரக்கூடியவரைத் தேடும் குழுக்கள் உண்டு. நான் குறை என்று மறைத்துக்கொண்டிருந்ததை அவர்கள் நிறை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இனி குறைகள். மிகப் பெரிய குறை இந்தச் சேவை தொடங்கும் நாளில் இருக்கிறது. பிரிவுக் கடிதத்தில் கையெழுத்திட்டு, மனிதவள வாயிலில் நாமே ராஜினாமாவைப் பதிவு செய்து, இனி நிறுவனத்திடம் எதுவும் கோர மாட்டேன் என்ற இறுதி உரிமைத் துறப்பையும் அனுப்பிய பிறகுதான் எனக்குச் சேவையின் கணக்கு திறக்கப்பட்டது. இரண்டாம் சந்திப்பில் ஆலோசகர், "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தக் கடிதத்தை வெளியே யாருக்காவது காட்டினீங்களா?" என்று கேட்டார். காட்டவில்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடிதத்தைப் பற்றிப் பேசுவது தங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பணம் கட்டுவது என்னை அனுப்பிய நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு எதிராக ஒரு சொல்லும் அந்தச் சேவையிலிருந்து வராது, வர முடியாது. ஆனால் வேலை போன முதல் வாரத்தில் நமக்குத் தேவைப்படும் அறிவுரையில் பெரும்பகுதி அப்படிப்பட்டதே.

அதை நான் வெளியே தேடிப் பெற வேண்டியிருந்தது. தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன். மூன்று மாதச் சேவையைவிட அந்த ஒரு மணி நேரத்தில் பணத்தளவில் பெற்றது அதிகம். ராஜினாமா என்று நாமே பதிவு செய்துவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்பதை அவர் விளக்கினார். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தின் 25எஃப் பிரிவு, ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்றது. மென்பொருள் ஊழியர் அதன் பொருளில் தொழிலாளியா என்பது பதவிப் பெயரை வைத்து முடிவாவதில்லை, அவர் உண்மையில் செய்யும் வேலையை வைத்தே முடிவாகிறது. அந்த வாதத்தைக் குறைந்தபட்சம் கையில் வைத்திருக்கும் உரிமையை நான் ஒரு பொத்தானை அழுத்தி விட்டுக்கொடுத்திருந்தேன்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) விஷயத்தில் மட்டும் நேரம் தப்பவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்குக் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் சேர்த்து 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணியாண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டியிருந்தது. கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு ஆண்டாகக் கணக்கிடப்பட்டது. என் அடிப்படைச் சம்பளம் 62,400 ரூபாய், அகவிலைப்படி இல்லை. ஆண்டுக்கு 36,000. 9 ஆண்டு 7 மாதத்துக்குப் பத்து ஆண்டாக 3,60,000 வர வேண்டும். எனக்கு அனுப்பிய கணக்கில் ஒன்பது ஆண்டுக்கு 3,24,000 என்று இருந்தது. வழக்கறிஞர் எழுதித் தந்த மூன்று வரி மின்னஞ்சலுக்குப் பின் எட்டாம் நாள் மீதி 36,000 வந்தது. அந்தப் பிழை வேண்டுமென்று செய்ததா என்பதை நான் ஆராயவில்லை. ஆனால் என்னோடு அதே நாளில் வெளியேறியவர்களில் ஆறு மாதத்தைத் தாண்டிய இன்னும் நால்வரின் கணக்கிலும் அதே பிழை இருந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளதால், இப்போது வேலையிழப்பவர் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் புதிய விதிகளைக் கேட்டறிய வேண்டும். ஊதியத் தொகுப்பின்படி, பணிநீக்கமோ ராஜினாமாவோ எதுவானாலும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பழைய நாற்பத்தைந்து நாள் செட்டில்மென்ட் வழக்கத்தைக் காட்டி யாராவது காலம் கடத்தினால் இதைச் சொல்லுங்கள். தனியே வழக்கறிஞரைப் பார்க்க வசதியில்லாதவர்களுக்கு, பன்னேர்கட்டா சாலையில் டெய்ரி சர்க்கிள் அருகே தொழிலாளர் துறையின் கார்மிக பவன் இருக்கிறது. 2017இல் தொடங்கிய கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கமும் இருக்கிறது. ஒன்பது ஆண்டு இந்த ஊரில் வேலை பார்த்தும் இரண்டையும் பற்றி நான் கேட்டறிந்ததே இல்லை.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் சேவையில் ஒரு வார்த்தை இல்லை. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. புதிதாகத் தனிக் காப்பீடு எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாற விண்ணப்பித்தால், குழுக் காப்பீட்டில் கழித்த காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் விதி. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் எதிர்வீட்டு அக்கா. காப்பீட்டு முகவராக இருப்பவர். வேலை போனதை அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டாம் என்று நான் இருபது நாள் மறைத்து வைத்திருந்தேன். இன்னும் பத்து நாள் மறைத்திருந்தால் அம்மாவின் காப்பீட்டுத் தொடர்ச்சி கைவிட்டுப் போயிருக்கும்.

சேவையின் விளம்பரத்தாளில் மனநல உதவி என்றும் ஒரு வரி உண்டு. அது ஒரு தொலைபேசி எண். இருமுறை அழைத்தேன், பேசியவர் கனிவானவர்தான், ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே பேச முடிந்தது. அலுவலகத்தில் பதினைந்து ஆண்டாக ஆங்கிலத்தில் பேசியவள் நான். ஆனாலும், மகளின் பள்ளிக் கட்டணத் தேதி நெருங்கும்போது நெஞ்சு அடைப்பதையும், காலையில் அம்மாவுக்குத் தெரியாமலிருக்கப் பையை எடுத்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருந்ததையும் ஆங்கிலத்தில் சொன்னபோது, வேறு யாருக்கோ நடந்ததைப் போல இருந்தது. பிறகு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்த இலவச மனநல உதவி எண்ணுக்கு நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம்தான் தலைமை மையம். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழில் பேசினேன். முதல் முறையாக அழுதேன். மறுநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அதான் ஏரிக்கரை மண்ணு செருப்புல இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மதிப்பீடு: ஆலோசகரின் ஆறு மணி நேரத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், மென்பொருளுக்கும் வகுப்புகளுக்கும் ஒன்று, மற்றவை பெரும்பாலும் அந்தச் சேவையில் இல்லாதவை என்பதால் மதிப்பெண் போட இயலாது. எட்டு ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்து, நேர்காணலையே மறந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிதும் பயன்படும். ஓரிரு ஆண்டுக்கு முன்புதான் வேலை மாறியவர்களுக்கு அவ்வளவு பயன் இராது. அவர்கள் இந்தச் சேவைக்குப் பதிலாக அந்தத் தொகையைப் பணமாகத் தர முடியுமா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டபோது முடியாது என்றார்கள்; வேறொரு நிறுவனத்தில் என் தோழிக்குக் கொடுத்தார்கள். இன்னொன்று: ஆலோசகர் சரியாக அமையாவிட்டால் முதல் சந்திப்பு முடிந்த உடனேயே மாற்றித் தரும்படி எழுதுங்கள். என்னோடு வெளியேறிய சேலத்துத் தம்பி ஒருவனுக்கு வந்தவர் விற்பனைத் துறை ஆட்களுக்கே பழகியவர். அவன் கேட்கக் கூச்சப்பட்டு ஆறு மணி நேரத்தையும் வீணாக்கினான்.

என் 90 நாள் முடிந்தபோது வேலை கிடைத்திருக்கவில்லை. மேலும் மூன்று மாதத்துக்கு நீட்டிக்க 18,000 ரூபாய் கேட்டார்கள். எனக்குத் தேவைப்பட்டது ஆலோசகரின் நேரம் மட்டும்; அதைத் தனியாக விற்பதில்லை என்றார்கள். வாங்கவில்லை. 104ஆம் நாள், எலெக்ட்ரானிக் சிட்டியில் மருத்துவமனைகளுக்கான மென்பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில், முன்பைவிட 12 விழுக்காடு குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன். நேர்காணலில் அவர்கள் நீண்ட நேரம் பேசியது இருமுறை பணம் போகும் அந்தப் பிழையைப் பற்றித்தான். புதிய நிறுவனத்தின் பணி நியமனக் கடிதத்தைக் கையெழுத்திடும் முன் அதே வழக்கறிஞரிடம் எடுத்துச் சென்று, மீண்டும் 2,500 ரூபாய் கொடுத்து, வரி வரியாகப் படித்துக் காட்டச் சொன்னேன்.